பை வாசலிலேயே இருக்கட்டும்

கேள்வி: மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்த பிறகு, என் தங்கை குடும்பம் இருந்த லயத்துக்கு (எஸ்டேட் தரும் வரிசை வீடு) மேலேயும் நிலம் விரிசல் விட்டிருப்பதாகச் சொல்லி எல்லோரையும் வெளியேற்றினார்கள். கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் முகாம், பிறகு எங்கள் வீடு. பதினொரு மாதம் ஆகிறது. இரண்டு அறை வீட்டில் காது கேட்காத என் மாமியாரோடு சேர்த்து ஏழு பேர். தங்கை மகனுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. மழை பெய்தால் தூங்குவதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விடிய விடிய மழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வாசலில் ஒரு பையைக் கட்டி வைத்திருக்கிறான், யாரும் தொடக்கூடாது. ஒருநாள் நான் அதை எடுத்து உள்ளே வைத்ததற்கு என்மேல் கையை ஓங்கிவிட்டான். ஆன்லைன் வகுப்புக்காக ரேஞ்ச் கிடைக்கும் பாறைக்குப் போகிறேன் என்று காலையில் போகிறவன் மூன்று மணிக்கு வருகிறான். வகுப்பில் பதிலே இல்லை என்கிறார் டீச்சர். கூடப் படித்த பையன் ஒருவன் பெட்டிமுடியில் போய்விட்டான். அவனைப் பற்றி இவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. மந்திரித்துக் கயிறு கட்டினோம். "ஆண்பிள்ளை மழைக்குப் பயப்படுவதா?" என்று தங்கை கணவர் திட்டுகிறார். படிப்பை நிறுத்தித் திருப்பூருக்கு அனுப்பிவிடலாம் என்கிறார். இவனுக்கு என்ன நோய்? சரியாகுமா? என் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. அவள் பை மாட்டும் ஆணியில்கூட இப்போது இவர்கள் துணிதான் தொங்குகிறது, முகம் சுளித்ததில்லை. இவனுக்கு ஒரு வழி சொல்லுங்கள். (பெயர் வேண்டாம், தேவிகுளம் தாலுகா, 2021 ஜூலை)

பதில்:

அன்புச் சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் ஒரு காரியம். அந்தப் பையை அவன் எங்கே வைத்திருந்தானோ அங்கேயே வைத்துவிடுங்கள். வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தாலும் பரவாயில்லை, தாண்டிப் போய்ப் பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் ஏழு பேர் படுக்கிறீர்கள். பகலெல்லாம் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்தவர்கள் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டார்கள். அது உடம்பின் நியாயம். மாமியாருக்குக் காது கேட்காது. அப்படியானால் நடுராத்திரியில் மேலே மண் அசைந்தால் முதலில் கேட்கப்போவது யார்? அந்த வீட்டில் ஒருவன் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதிலையும் தானே சொல்லிக்கொண்டிருக்கிறான். பதினொரு மாதமாகச் சம்பளம் இல்லாமல் இரவுக் காவல் பார்க்கிறான். காவல்காரனின் சாமான்களை நீங்கள் எடுத்து உள்ளே வைத்தீர்கள், அவன் கையை ஓங்கினான். கையை ஓங்கியது தப்புதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

2020 ஆகஸ்ட் 6 இரவை நினைத்துப் பாருங்கள். நாள்கணக்காக விடாத மழை, கரண்ட் இல்லை, போன் இல்லை. லயங்களில் எல்லோரும் படுத்த பிறகு மலை இறங்கியது. வெளியுலகத்துக்குச் செய்தி தெரிந்ததே மறுநாள் காலையில்தான். எழுபது உயிர்கள், அதில் நான்கு பேர் கடைசிவரை கிடைக்கவில்லை. அங்கிருந்து வந்த செய்தியைக் கேட்ட பதினான்கு வயதுப் பையன் என்ன பாடம் படித்திருப்பான்? தூங்கியவர்கள் போய்விட்டார்கள் என்ற பாடத்தைத்தான். அது தப்பான பாடம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. எந்தக் காவல்காரனுக்கும் விடிந்தால் ஆள் மாற்றுவார்கள், இவனுக்கு மட்டும் ஆள் மாற்ற யாரும் வரவில்லை.

நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். எங்கள் வீட்டில் மழை இரவுகளில் தாத்தா திண்ணையில் குந்தி பீடி பிடித்துக்கொண்டிருப்பார். தொண்ணூற்றொன்பது வெள்ளத்தைப் பற்றித் தன் அப்பாவிடம் கேட்டு வளர்ந்தவர் அவர். மலையாளக் கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924. மூணாற்றில் ஓடிக்கொண்டிருந்த குட்டி ரயிலையே அடித்துக்கொண்டு போன வெள்ளம் அது. அவர் அங்கே உட்கார்ந்து எதைத் தடுத்திருக்க முடியும் என்று இப்போது யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் பலகை இடுக்கு வழியாகப் பீடி வாசனை வந்துகொண்டிருக்கும்வரை நாங்கள் ஐந்து பிள்ளைகளும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினோம். பெரியவர் ஒருவர் விழித்திருக்கிறார் என்று தெரிந்தால்தான் பிள்ளைக்குக் கண் மூடும்.

ஆகவே உங்கள் வீட்டில் மாற வேண்டியது காவல் முறை. "ஒன்றும் ஆகாது, படு" என்று இனிமேல் யாரும் அவனிடம் சொல்லாதீர்கள். பெட்டிமுடியிலும் அன்று இரவு யாராவது ஒருவர் யாராவது ஒரு பிள்ளையிடம் அதைச் சொல்லியிருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதற்குப் பதிலாக ஒரு பகல் வேளையில் பெரியவர்கள் நால்வரும் அவனை நடுவில் உட்கார வைத்துப் பேசுங்கள். எந்த வழியாக இறங்குவது, பாட்டியைத் தூக்குவது யார், ரேஷன் கார்டும் ஆதாரும் எங்கே இருக்கின்றன, இருட்டில் டார்ச் எந்தக் கைக்கு எட்டும், இதையெல்லாம் அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள். ஓடையில் திடீரென்று தண்ணீர் கலங்கினாலோ வற்றினாலோ, நேராக நின்ற மரம் சாய்ந்தாலோ, சுவரிலும் தரையிலும் புது விரிசல் கண்டாலோ, நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு இன்று இடித்தாலோ யாரிடமும் அனுமதி கேட்காமல் இறங்கிவிடுவது என்று முடிவு செய்யுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணை எல்லாப் போனிலும் போட்டு வையுங்கள். ஒருமுறை பகலில் நடந்தே பாருங்கள். பாட்டி சிரிப்பார், சிரிக்கட்டும்.

அடுத்தது ராத்திரி. வாசலுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டியவர் உங்கள் தங்கை கணவர். வானிலைத் துறையின் ஆரஞ்சு எச்சரிக்கை வந்த இரவுகளில் அவரும் உங்கள் வீட்டுக்காரரும் முறை போட்டு விழித்திருக்கட்டும். பத்து மணி ஆனதும் அப்பா மகனிடம், "உன் முறை முடிந்தது, இனி நான் பார்த்துக்கொள்கிறேன், ஏதாவது என்றால் உன்னைத்தான் முதலில் எழுப்புவேன்" என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள், அவனுக்கு வேண்டிய உறுதி அதில்தான் இருக்கிறது. சிவப்பு எச்சரிக்கை என்றால் காவல் பேச்சே வேண்டாம். பகல் வெளிச்சம் இருக்கும்போதே முகாமுக்குப் போய்விடுங்கள். கொரோனாவுக்காக 2020இல் முகாம்களில் வயதானவர்களையும் காய்ச்சல் உள்ளவர்களையும் தனியாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு இருந்தது. பாட்டி வேறு இடத்தில் இருக்க நேரலாம் என்பதை அவனுக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள். அங்கே போன பிறகு திடீரென்று பிரித்தால் அவன் கட்டிய திட்டம் முழுவதும் சரிந்துவிடும்.

இந்த நிறங்களுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, பத்தாம் வகுப்புப் பையனுக்கு அது புரியும். 24 மணி நேரத்தில் ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் மழையிலிருந்து மஞ்சள், பதினொன்றரையிலிருந்து ஆரஞ்சு, இருபதுக்கு மேல் சிவப்பு. நேரான பக்கம் உள்ள ஒரு டப்பாவும் ஸ்கேலும் இருந்தால் அவனே அளக்கலாம். எஸ்டேட் ஆபீசில் தினமும் மழையை அளந்து எழுதுவது உங்களுக்குத் தெரிந்ததுதான், அந்த நோட்டை ஒருநாள் அவனுக்குக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காதால் கேட்கும் மழை எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும், தகரக் கூரைக்குக் கீழே இன்னும் பெரிது. காலை எட்டரைக்கு ஒருமுறை, மாலை இருட்டுவதற்கு முன் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதட்டும். ராத்திரி அளக்கக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. இல்லையென்றால் மணிக்கொருதரம் எழுந்து டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பான், புதுத் தொல்லை ஆகிவிடும்.

என்ன நோய் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பேரிடருக்குப் பிறகு பிள்ளைகள் தூங்காமல் இருப்பதும், சத்தத்துக்குத் துள்ளுவதும், எரிந்து விழுவதும் இயல்புதான். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் அது தானாகவே அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் அடங்காமல் தூக்கம், படிப்பு, வீட்டாரோடு பேச்சு எல்லாவற்றையும் கெடுத்தால் அதற்கு மருத்துவம் உண்டு, சரியும் ஆகும். இவனுக்குப் பதினொரு மாதம் ஆகிவிட்டது. எனவே பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவனைப் பார்க்கப்போகிற மருத்துவரிடம் நீங்கள் சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. எங்கள் மனநலப் பாடப்புத்தகங்கள் இதை "நடந்து முடிந்த" ஆபத்தின் நிழல் என்று சொல்லும். இவனுக்கு எது முடிந்திருக்கிறது? மழைக்காலம் மறுபடியும் வந்துவிட்டது. சொந்த லயத்துக்குத் திரும்ப முடியுமா என்று யாரும் சொல்லவில்லை. இப்போது இருக்கும் வீடோ, பெரியம்மா வேலையில் இருக்கும்வரைதான் வீடு. வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் ஓய்வு பெற இன்னும் எத்தனை வருஷம் என்று அவன் ஏற்கெனவே எண்ணி வைத்திருப்பான் என்று பந்தயம் கட்டுகிறேன். வீட்டைப் பற்றிப் பெரியவர்களுக்குத் தெரிந்ததை அவனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மனு கொடுத்திருந்தால் அதன் நகலை அவனைப் படிக்கச் சொல்லுங்கள். மலையாளத்தில் வரும் கடிதங்களைப் படிக்க உங்கள் வீட்டில் அவனைவிட ஆள் இருக்காது.

கையை ஓங்கிய விஷயம். பயத்தில் செய்தான் என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். அவன் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, "உன் பையை நான் தொட்டது தப்பு, இனித் தொடமாட்டேன். நீ கையை ஓங்கியதும் தப்பு, இனி ஓங்கக்கூடாது" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள். மன்னிப்புக் கேட்கிறானா என்று நின்று பார்க்காதீர்கள். இந்த வயதில் மன்னிப்பு இரண்டு நாள் கழித்து, சொல்லாமலே விறகு பிளந்து வைக்கிற ரூபத்தில் வரும்.

பாறைக்கு வருவோம். காலையில் போனவன் மூன்று மணிவரை என்ன செய்கிறான் என்று கவலைப்படுகிறீர்கள். ஏழு பேர் இருக்கிற இரண்டு அறையில் அவனுக்குத் தனியாக அழ இடம் எங்கே? கொரோனாவுக்காகப் பள்ளியை மூடியதில் பாடம் போனதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்றால் லயத்தை விட்டு வெளியே வருவதற்கான ஒரே நியாயமான காரணம். நடந்துபோகும் வழி, கூட்டாளிகள், மதியச் சோறு, அப்பா முகத்தைப் பார்க்காத ஆறு மணி நேரம், எல்லாமே அதோடு போய்விட்டன. ராஜமலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் சில பிள்ளைகளுக்கு அந்த நடையே மருந்தாக இருந்திருக்கும். பாறையைப் பிடுங்காதீர்கள். மூடுபனி இறங்கினால், இடி இடித்தால் திரும்பிவிட வேண்டும், மதியச் சோற்றுக்கு வீட்டில் இருக்க வேண்டும். யானை நடமாட்டம் இருக்கிறது என்று லயத்தில் சொன்னால் அன்றைக்குப் போகவே கூடாது. மூணாற்றுக் காட்டுயானை படையப்பாவுக்கு ஆன்லைன் வகுப்பெல்லாம் தெரியாது.

டீச்சரிடம் ஒன்று கேளுங்கள். எல்லா வகுப்பிலும் வந்தே தீர வேண்டும் என்று இந்த மாதம் கேட்க வேண்டாம். அவனுக்குப் பிடித்த ஒரே ஒரு பாடத்தைத் தரட்டும், வாரம் ஒருமுறை அவரே கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பேசட்டும். விழித்திருந்து விடிந்த மூளையில் அல்ஜீப்ரா ஏறாது.

இனி அந்த நண்பன். இவன் அவனைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று கணக்குப் பார்த்தேன். 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது இருக்கலாம். "திறந்ததும் பார்ப்போம்" என்று பிரிந்திருப்பார்கள். ஆகஸ்டில் இறந்தவர்களை ராஜமலையில் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். ஊர் முழுக்கக் கொரோனாக் கட்டுப்பாடு, மழை, உடைந்த பாலம், வகுப்புப் பிள்ளைகள் போய் நிற்க வழியில்லை. பள்ளி திறந்திருந்தால் பிரார்த்தனைக் கூட்டத்தில் இரண்டு நிமிஷம் மௌனமாகவாவது நின்றிருப்பார்கள், காலியான பெஞ்சைப் பார்த்திருப்பார்கள். இவனுக்கு அதுவும் இல்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்த எண் இன்னும் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாறையில் அவன் பாடம் பார்க்காமல் பழைய செய்திகளைப் படித்துக்கொண்டிருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனால் இதே போல இரண்டு பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் காரணத்துக்காகவும் அந்தப் போனைப் பிடுங்கி எதையும் அழித்துவிடாதீர்கள். போனை மாற்ற வேண்டி வந்தால்கூட அவன் கையாலேயே மாற்றட்டும்.

அவனைப் பேச வைக்க வேண்டும் என்று பலரும் உங்களிடம் சொல்வார்கள். உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்லி, அழ வைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று நாங்களும் ஒரு காலத்தில் நம்பினோம். ஒரே அமர்வில் அப்படிக் கிளறுவதால் பயனில்லை, சிலருக்குக் கெடுதல் என்று தெரிந்த பிறகு உலக சுகாதார நிறுவனமே அதை வேண்டாம் என்கிறது. பேச்சு வருகிறபோது வரும். முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்தால் வராது. விறகு பொறுக்கும்போது, தண்ணீர்க் குழாயடியில், பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்யும்போது வரும். நீங்கள் செய்யக்கூடியது, அந்தப் பையனின் பேரைச் சொல்வதுதான். "அவனுக்கு இந்த மீன்குழம்பு பிடிக்குமே" என்று போகிறபோக்கில். வீட்டில் ஒருவர் அந்தப் பேரைச் சொல்லலாம் என்றால் இவனும் சொல்லலாம் என்றாகும்.

ஆகஸ்ட் 6 வருகிறது. அதற்கு முந்தைய ஒரு வாரம் அவன் நிலை இப்போது இருப்பதைவிட மோசமாகலாம். அதைப் பின்னடைவு என்று எண்ணி மிரள வேண்டாம், உடம்புக்கும் நாள்காட்டி உண்டு. அன்றைக்கு என்ன செய்யலாம் என்று இப்போதே அவனைக் கேளுங்கள். ராஜமலைக்குப் போய்வர அனுமதி கிடைக்குமா என்று பஞ்சாயத்து உறுப்பினரிடம் விசாரியுங்கள். முடியாவிட்டால் வீட்டிலேயே ஒரு விளக்கு. அவன் ஒன்றும் வேண்டாம் என்றால் ஒன்றும் வேண்டாம். ஆனால் அந்த இரவு பெரியவர் ஒருவர் அவனோடு விழித்திருக்க வேண்டும்.

கயிறு கட்டியதற்கு நான் கோபிக்கவில்லை. கட்டியவர் நல்ல வார்த்தை நாலு சொல்லியிருப்பார், பெரியம்மா தன் கூலியில் செலவு செய்தாள் என்பதும் பையனுக்குத் தெரியும். அடிப்பது, பட்டினி போடுவது, மிளகாய்ப் புகை காட்டுவது என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

தங்கை கணவரைப் பற்றி நீங்கள் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். அவர் நிலையையும் பாருங்கள். மனைவியின் அக்காள் வீட்டில், சகலை தருகிற இடத்தில் பாயை விரிக்கிறார். தன் வீட்டை விட்டு ஒரே இரவில் இறங்கியவர், ஊரடங்கில் வேலை நாள்களும் குறைந்திருக்கும். மகன் நடுங்குவதைப் பார்க்கும்போது அவருக்குத் தன் நடுக்கம் தெரிகிறது, திட்டுகிறார். இரவுக் காவலை அவருக்குக் கொடுக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு பொறுப்பு வேண்டும்.

திருப்பூர் வேண்டாம். அங்கே மலை இல்லை, மண் சரியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு வருஷத்தில் லயம், முகாம், உங்கள் வீடு என்று மூன்று இடம் மாறியவனை நான்காவதாக, தெரிந்த முகமே இல்லாத ஓர் அறைக்கு, தொற்றுக் காலத்தில் அனுப்பச் சொல்கிறார். அபாயமான வேலைகளில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்கக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், அவன் அங்கே போனால் மழை இரவுகளில் உங்களுக்காகவும் தன் அம்மாவுக்காகவும் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து காவல் பார்ப்பான். பத்தாம் வகுப்பை முடிக்கட்டும்.

மருத்துவமனைக்கு எப்போது? இந்த மாதமே. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று ஆஷா பணியாளரிடம் கேட்டால் சொல்வார். கேரள அரசின் 1056 திசா சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள். பையனுக்கு மலையாளம் நன்றாகவே வரும், ஆனால் செத்துப்போன கூட்டாளியைப் பற்றி மனிதன் இரண்டாம் மொழியில் பேசமாட்டான். முடிந்தால் எல்லை தாண்டித் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கும் வரலாம். அவர்கள் மருந்து தந்தால் கொடுங்கள். கடையில் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மாதம் முடியக் காத்திருக்கக்கூடாத அடையாளங்கள் சில உண்டு. சாப்பாட்டை விட்டுவிடுவது, தனக்குப் பிரியமானவற்றை யாருக்காவது கொடுத்துவிடுவது, உடம்பில் கீறிக்கொள்வது, "நானும் போயிருக்கலாம்" என்ற மாதிரிப் பேச்சு. அப்போது நேராகவே கேளுங்கள்: "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பயப்படாதீர்கள், அப்படி முளைப்பதில்லை. கேட்க ஒருவர் இருக்கிறாரே என்று ஆறுதல்தான் வரும். ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஆபத்து வரும்வரை காத்திராமல் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. செடிக்கு அடிக்கும் மருந்து, களைக்கொல்லி, மாமியாரின் மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டை விட்டு வெளியே, பூட்டுக்குள் வைத்துவிடுங்கள். முதல் ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 முதல் ஜூலைக்குள் 66 பிள்ளைகள் தற்கொலை செய்துகொண்டதாகக் கேரள முதல்வரே அப்போது சொன்னார். போலீசார் பிள்ளைகளுக்காக "சிரி" என்று தொலைபேசிச் சேவை தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். சைல்டுலைன் 1098 எந்த நேரமும் எடுப்பார்கள், காசு ஆகாது. இந்த எண்களை அவன் போனில் நீங்கள் போட்டுத் தராமல், அவனையே போடச் சொல்லுங்கள். "வகுப்பில் யாருக்காவது தேவைப்படும்" என்று சொன்னால் போடுவான்.

இவ்வளவும் அவனுக்காக. உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் மகளுக்கு இரண்டு மூன்று வரிதான் கிடைத்திருக்கின்றன. எனக்கு அவளைப் பற்றித்தான் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.

பதின்மூன்று வயதில் ஒரு பெண் ஒரு தொந்தரவும் தராமல், எல்லா வேலையும் செய்துகொண்டு, எதற்கும் முகம் சுளிக்காமல் இருந்தால் பெரியவர்கள் மெச்சிக்கொள்வார்கள். என் தொழிலில் நாங்கள் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். லயத்தை விட்டு இறங்கியது தங்கை குடும்பம்தான். ஆனால் சொந்த வீட்டில் இருந்துகொண்டே இடம் இழந்தவள் உங்கள் மகள். அவள் எங்கே படுக்கிறாள்? எங்கே துணி மாற்றுகிறாள்? மாதவிலக்கு நாள்களில் லயத்துக்குப் பின்னாலிருக்கும் கழிப்பறைக்கு ராத்திரி யார் துணைக்குப் போகிறார்கள்? வீட்டில் போன் ஒன்றுதான் என்றால், அவன் பாறைக்கு எடுத்துப்போன பிறகு அவள் எதில் படிக்கிறாள்? அவளும் இறந்துபோன அந்தப் பையனைத் தெரிந்தவள்தானே, அவளிடம் யாராவது கேட்டார்களா? அவனுக்கு அழ ஒரு பாறை இருக்கிறது, அவளுக்குப் பாத்திரம் கழுவும் இடம்தான் இருக்கிறது.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். போனை நேரம் பிரித்துக் கொடுங்கள். மூலையில் ஒரு பழைய புடவையைக் கட்டித் திரை போடுங்கள், அதற்குள் அவளைக் கேட்காமல் யாரும் நுழையக்கூடாது, நீங்களும்தான். வேலையில் பாதியைப் பையனுக்கு மாற்றுங்கள். இரவுக் காவலிலிருந்து விடுபட்டவனுக்குப் பகலில் தண்ணீர் சுமக்க நேரம் இருக்கும்.

அப்புறம் அந்த ஆணி. தங்கை வீட்டார் துணிக்குக் கயிறு கட்டிக் கொடுத்துவிட்டு, அவள் பையை அவள் ஆணியிலேயே திரும்ப மாட்டுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.